மார்: ஆம் / இல்லை

தெட்ஃபோர்டில் மேசை செய்கிற ஆலை.
வார்னிஷ் காய்ந்து வந்து சேரும் கடைசி மேடையில்
இடலினா நிற்கிறாள், கையில் ஒரு விளக்கு.
வெளிச்சத்தைப் படுக்கவைத்துப் பார்,
நிமிர்த்திப் பிடித்தால் பலகை பொய் சொல்லும்:
தர்டெல் சொன்ன வேலை விளக்கம் அவ்வளவுதான்.

படிவத்தில் ஏழு கட்டங்கள்.
ஆறுக்குப் பொருள் கேட்டுக்கொண்டாள்.
ஏழாவதைக் கேட்கவில்லை.
அது அவள் வீட்டுச் சொல்.

மார்.

பெனிஷ் துறைமுகத்தில்
மத்தி மீன் டப்பாக்களுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு
மார் என்றால் கடல்.
வேறு என்னவாக இருக்க முடியும்?
கடல் தாண்டிப் போகிற சரக்கா என்று கேட்கிறார்கள்,
நியாயமான கேள்வி.
ராட்டர்டாம் போகிற நாற்பத்திரண்டு மேசைக்கும்
ஆம், ஆம், ஆம்.
உள்ளூர் நார்விச்சுக்குப் போகிற ஒன்றுக்கு மட்டும்
இல்லை.

அந்த ஒன்றில்தான் கீறல் இருந்தது,
பூனை யோசித்துவிட்டுக் கைவிட்டதுபோல்.
அதையும் ஓரத்தில் எழுதித்தான் வைத்தாள்,
போர்த்துகீசில்.

வெள்ளிக்கிழமை குட்டு உடைந்தது.
நாற்பத்திரண்டு நல்ல மேசைகள்
கழிவு விலைக் கடையில் பாதி விலைக்கு.
கீறல் விழுந்தது முழு விலைக்குப் போய்விட்டது,
நன்றிக் கடிதத்தோடு.
தர்டெல் கத்தவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.
மறுபடியும் துடைத்தார்.
"மார்னா பழுது" என்றார்,
"மேல்தோலில் விழுகிற பழுது."

சனிக்கிழமை நூலகத்தில்
தடித்த அகராதியைத் திறந்தாள்,
தன் சம்பளத்தைத் தின்ற மூன்று எழுத்து
யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க.

முதலில் அது கெடுப்பதே இல்லை.
பழைய ஆங்கிலத்தில் வழிமறிப்பது, வீணடிப்பது.
கோத்தியர் வாயில் இடறிவிடுவது.
பிரெஞ்சுக்காரரிடம் போய் மனம் நொந்தது.
ஸ்பானியரிடம் குறி தப்பியது.
எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில்,
'இருக்கலாம்' என்ற கைத்தடியை ஊன்றியபடி,
ஒரு கிழட்டு வேர்:
மறப்பது.

பக்கத்து மேடை ரிமாந்தாஸ் லித்துவேனியாக்காரன்.
அவன் ஊரில் இன்றைக்கும்
உஷ்மிர்ஷ்தி என்றால் மறந்துபோவது.
அதே வேர் என்கிறார்கள் என்றாள்.
சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே சொன்னான்:
"இதில் என்ன அதிசயம்?
பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து பாரேன்."

(நான் எழுதுகிற மொழியில்
மறி, மற, மறு மூன்றும்
அடுத்தடுத்த வீடு.
தடுப்பது, நினைவு நழுவுவது,
நிலாவின் முகத்தில் இருக்கிற கறை.
உறவு இல்லை, தெரியும்.
பெயர் ஒத்துப்போன தோஷத்துக்கு
ஒரே பந்தியில் உட்காரவைக்கிறேன்,
அவ்வளவுதான்.)

நார்விச்சிலிருந்து புகார் வரும் என்று
மூன்று மாதம் காத்திருந்தார்கள்.
வரவில்லை.
இந்நேரம் அதன்மேல் சூப் சிந்தியிருக்கும்,
கணக்குப் போட்ட பையன் பேனாவை அழுத்தியிருப்பான்,
எது முதல் கோடு என்று
அந்த வீட்டுக்கே தெரியாது.

இப்போது இடலினாவுக்குப் பொருள் தெரியும்.
தெரிந்து என்ன,
கண் படிப்பதை நெஞ்சு வேறாகத்தான் படிக்கிறது.
எட்டு மணி நேரமும் ஏழாவது கட்டத்தில்
கடல்: இல்லை.
கடல்: இல்லை.
கடல்: இல்லை.
மணலும் பைன் மரமுமாய்க் கிடக்கிற
இந்த உள்நாட்டு ஊருக்கு
அது பொருத்தமான பதில்தான்.

நேற்று மாலை, ஓக் பலகை ஒன்றில்
விளக்கைச் சாய்த்தபோது
ஒரு முழ நீளத்துக்கு வெள்ளிக் கோடு
வளைந்து, மினுங்கி, ஓரத்தில் நுரைத்து ஓடியது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
ஆம் என்று எழுதினாள்,
தேவைக்கு மேல் பெரிய எழுத்தில்.

தர்டெல் ஓடிவந்து குனிந்தார்,
சந்தேகத்தோடு விரலால் தடவினார்.

"சரிதான்" என்றார்.
"இது நிஜமாகவே கீறல்."